பாலங்கள் வந்த வீதியில் சைக்கிள்

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதி, நெடுங்காலம் தண்ணீரால் துண்டு துண்டாக அறுபட்டுக் கிடந்தது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று ஒவ்வொரு துறையிலும் படகுப்பாதைக்குக் காத்திருக்க வேண்டும். பஸ்காரரும் லொறிக்காரரும் அலுத்துப்போய் ஹபரணை வழியாகச் சுற்றிப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் ஊர்ச்சனம்தான். கரியரில் நெல்மூட்டையோ மீன்பெட்டியோ கட்டிக்கொண்டு சைக்கிளை உருட்டியபடியே படகுப்பாதையில் ஏறி அக்கரையில் இறங்கினார்கள்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம்; அன்றைக்கு நாட்டிலேயே நீளமான பாலம் அதுதான். அடுத்தடுத்து மற்றத் துறைகளிலும் பாலங்கள் எழுந்தன, வீதி காப்பெட் ஆனது. மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, கொட்டியாரக் குடாவில் கடலைச் சேரும் அந்தக் கழிமுகம் முழுவதையும் இறங்காமல் மிதித்துக் கடக்கலாம் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. இலங்கையில் வாகன இரைச்சல் இல்லாமல் சைக்கிள் ஓட எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த வீதியைத்தான்.

நகரத்திலிருந்து விடியப்புறம் ஐந்து மணிக்கே புறப்பட்டுவிட வேண்டும். வெயில் ஒரு காரணம், சீனன்குடா இன்னொரு காரணம். பிறீமா மா ஆலைக்கும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலைக்கும் போய்வரும் கனரக லொறிகள் அந்தப் பக்கத்தில்தான் ஓடுகின்றன. பொழுது ஏறினால் அவற்றோடு தோள் உரசி ஓட வேண்டிவரும். சீனன்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைக் குண்டுபோட்டுத் தாக்கின. துருப்பிடித்த தாங்கிகள் பலவற்றை இன்று மரமும் கொடியும் மூடிவிட்டன.

வெள்ளைமணல் தாண்டிக் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது கிழக்கு வெளுத்திருக்கும். இடக்கைப் பக்கம் கொட்டியாரக் குடா, வலக்கைப் பக்கம் தம்பலகாமக் குடா. பாலத்துக்குக் கீழே இடுப்பளவு நீரில் நிற்பவர் வலையைத் தோளில் மடித்து, ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, உடம்பைத் திருப்பி வீசுகிறார். வலை வட்டமாக விரிந்து விழும் ஓசை மேலே நிற்பவருக்குக் கேட்கும். காரில் போகிறவருக்கு இது எதுவும் கேட்காது. பாலத்தைக் கடக்க அவருக்கு அரை நிமிடம் போதும்.

கிண்ணியாக் கடைத்தெருவில் பிளேன்டீயும் பணிசும் கிடைக்கும். திரும்பி வரும்போது எருமைத் தயிர்ச்சட்டி ஒன்று வாங்க மறக்கக் கூடாது. ஊரைத் தாண்டினால் வாகனம் குறைந்துவிடும். உப்பாற்றில் இரு கரையும் கண்ணாக் காடு. வேர்கள் சேற்றில் கால் ஊன்றி நிற்கும், இடையிடையே நாரையும் நீர்க்காகமும் சிறகு உலர்த்தும். கங்கைப் பாலத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கட்டாயம் நிற்க வேண்டும். மேலே கண்டியிலும் பேராதனையிலும் பாறையில் மோதி ஓடிய அதே மகாவலி இங்கே அவசரமே இல்லாமல், செம்மண் கரைந்த நிறத்தில், அகன்று கிடக்கிறது. கரையோரம் மருத மரங்கள். மாரியில் இந்த ஆறு வேறு ஆள். மழை அடித்துப் பெய்தால் வெருகல் பக்கத்தில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும். அதனால் மாசி முதல் சித்திரை வரைதான் சைக்கிளுக்கு நல்ல காலம். வைகாசிக்குப் பிறகு கச்சான் அடிக்கத் தொடங்கிவிடும். தென்மேற்கிலிருந்து சூடாக வரும் அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு மூதூர்ப் பக்கம் மிதிப்பது ஏற்றத்தில் மிதிப்பதைவிடக் கடினம்.

மூதூரில் 1660இல் ஆங்கிலேயக் கப்பலொன்று ஒதுங்கியது. கப்பல் தலைவரையும் அவருடைய மகன் றொபேர்ட் நொக்ஸையும் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துப் போனார்கள். மகன் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கிடந்து, 1679இல் காட்டுக்குள்ளால் மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்து நடந்து அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். வழி தெரியாத காட்டில் ஆற்றைப் பிடித்தால் கடலுக்குப் போகலாம் என்பது இந்த நாட்டில் பழைய அறிவு.

மூதூரிலிருந்து தெற்கே கிளிவெட்டி, சேருநுவர, வெருகல். இந்தத் துண்டில்தான் பயணம் முழுமை அடைகிறது. ஒரு பக்கம் அல்லைக் குளத்து நீரில் விளையும் வயல், மறுபக்கம் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் வரண்ட காடு. சங்கிலி பல்லில் ஏறி ஓடும் சத்தமும் ரயர் தாரில் உரசும் சத்தமும் மட்டும் கூட வரும். கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முந்திய வாரங்களில் போனால், வேலைத் தோளில் சாய்த்தபடி பாதயாத்திரைக்காரர் எதிர்ப்படுவார்கள். வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் அவர்கள் தங்கும் இடங்களில் ஒன்று. வெயிலில் வந்தவருக்கு அந்த ஆற்றங்கரை நிழல் தேவாமிர்தம்.

காட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. ஏ12இல் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் கடந்து பன்குளம், முதலிக்குளம் பக்கம் போவது ஒன்று. ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு. வாளியால் அள்ளி ஊற்றினால் கால் நோவு பறக்கும். மற்றது கந்தளாயிலிருந்து அல்லைக்குப் போகும் உள்வீதி. இரண்டிலும் யானை உண்டு. காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் அங்கே சைக்கிளில் இருக்கக் கூடாது. வீதியில் புதுச் சாணமோ முறிந்த கிளையோ கண்டால் அடுத்த வாகனம் வரும்வரை நின்று அதன் பின்னால் போவதே புத்தி. மிதித்துத் தப்பிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஏ15இன் அமைதிக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த வீதியைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதோடு மூண்ட சண்டை மூதூரையும் சம்பூரையும் வெறுமையாக்கியது. அந்த ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் பதினேழு பேர் கொல்லப்பட்டார்கள். சம்பூர் மக்கள் தம் காணிக்குத் திரும்ப ஏறக்குறையப் பத்தாண்டு ஆனது. வீடு இருந்த இடங்களில் காடு ஏறியது. சைக்கிள்காரர் இன்று ரசிக்கும் பசுமையில் ஒரு பங்கு அப்படி வந்தது.

பாலம் இல்லாத இடத்தின் கதையும் உண்டு. 2021 நவம்பர் 23 காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பால வேலை நடந்துகொண்டிருக்க, பதிலுக்கு ஓடிய படகுப்பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். ஆகவே பாலமும் வீதியும் வேண்டாம், பழைய அமைதியே போதும் என்று சொல்லும் உரிமை உல்லாசமாகச் சைக்கிள் ஓட வருகிறவருக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது.

நான் கேட்பது வேறு. இந்த மாவட்டத்தில் சைக்கிள் பொழுதுபோக்கு அல்ல. வெள்ளைச் சீருடையோடு இரண்டிரண்டு பேராகக் கதைத்துக்கொண்டு போகும் பிள்ளைகள், ஹோனை அமுக்கி அமுக்கி மீன் விற்கிறவர், மண்வெட்டியைக் கரியரில் செருகி ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறவர், எல்லாருக்கும் இதுதான் கால். 2022 ஜூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தபோது, கொழும்பில் அதுவரை சைக்கிளைத் தொடாதவர்கள் லுமாலா சைக்கிள் தேடி அலைந்தார்கள். இங்கே பலருக்கு வாழ்க்கை ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது.

காப்பெட் வீதி வந்ததும் வேகம் வந்தது. மட்டக்களப்புக்குக் குறுக்கு வழி என்று தெரிந்துவிட்டதால் வான்களும் இரவு பஸ்களும் ஆண்டுக்காண்டு கூடுகின்றன. சைக்கிளுக்கென்று மிஞ்சியிருப்பது தாரின் விளிம்பில் ஒரு சாண் இடமும் அதற்கப்பால் சரளை மண்ணும். பின்னால் ஹோன் கேட்டதும் பிள்ளைகள் அந்தச் சரளைக்குள் இறங்குகிறார்கள். முன் சக்கரம் சறுக்குகிறது.

ஐரோப்பாவில் டனூப் நதிக்கரையில் பல நாடுகளைத் தொட்டு ஓடும் சைக்கிள் பாதையின் பல பகுதிகள், முன்பு குதிரைகள் படகை இழுத்துப்போன கரைவழிகளாக இருந்தவை. புதிதாகக் காடு வெட்டவில்லை. இருந்த வழியைச் சைக்கிளுக்கு ஒதுக்கினார்கள். நம்மிடமும் அப்படிப்பட்ட வழி இருக்கிறது. கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்களின் வாய்க்கால் கட்டு வீதிகள் வயலுக்கும் காட்டுக்கும் இடையில், மருத மர நிழலில் ஓடுகின்றன. உழவு இயந்திரம் தவிர வாகனம் அரிது. பல இடங்களில் பள்ளங்களுக்குக் கிரவல் கொட்டி, மதகுகளுக்கு மேல் கைப்பிடி போட்டு, சந்திகளில் ஊர்ப் பெயரும் தூரமும் எழுதிய பலகை நட்டாலே போதும். வெளியூர்க்காரர் வந்தால் வழியில் சாப்பாட்டுக்கடையும் சைக்கிள் திருத்தும் கடையும் பிழைக்கும். வராவிட்டாலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம்.

ஏ15க்கும் ஒரு கோரிக்கை உண்டு. அடுத்த முறை வீதி அபிவிருத்தி அதிகார சபை இந்த வீதியில் கை வைக்கும்போது, கிண்ணியாவிலிருந்து கிளிவெட்டி வரையாவது இரு ஓரமும் ஒன்றரை மீற்றர் தார் போட்டுக் கோடு கீற வேண்டும். பள்ளிக்கூடம் உள்ள ஊர்களில் அதைக் கட்டாயமாக முதலில் செய்ய வேண்டும். அந்த ஓரத்துக்காக மருதும் பாலையும் வெட்டப்படுவதைவிட, அவ்விடங்களில் வேகத்தைக் குறைப்பதே நல்லது.