தொகுதிக்கு எல்லை வகுக்கும் கணக்கு

விஜயநகர் வாசிகளாகிய நாம் பார்லிமெண்டுத் தேர்தலில் மடிக்கேரி மக்களோடு சேர்ந்து ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறோம். நகரை அடுத்துள்ள வருணாவோ சாமராஜநகர்த் தொகுதியைச் சேர்ந்தது. கிருஷ்ணராஜநகரம் மண்டியாவோடு சேர்ந்துவிட்டது. மைசூர் மாவட்டத்தின் 11 சட்டசபைத் தொகுதிகள் இவ்வாறு மூன்றாகப் பிரிந்து கிடப்பதேன் என்று அன்பர்கள் வினவக்கூடும்.

நீதியரசர் குல்தீப் சிங் தலைமையில் அமைந்த கமிஷன், 2001 ஜனத்தொகையைக் கொண்டு வகுத்த எல்லைகள் இவை. இவற்றின்படி இந்தியாவில் முதன்முதல் வாக்களித்தது, 2008 மே மாதத்தில், நம் கர்நாடகமே. மாநிலத்துக்குள் ஒவ்வொரு ஸ்தானத்துக்கும் கூடியவரை சமமான ஜனத்தொகை இருக்கவேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 170-ஆவது விதி. மொத்த ஸ்தானங்களோ 224தான். பெங்களூருக்குக் கூட்டினால் வேறிடத்தில் குறைத்தே ஆகவேண்டும். குடகுக்கு இருந்த மூன்றில் சோமவார்பேட்டை மறைந்தது.

குடகர் வருந்தியதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2001-இல் மாநிலச் சராசரி ஸ்தானத்துக்கு 2.36 லட்சம் பேர். குடகுக்கு மூன்று ஸ்தானம் வைத்தால் 1.83 லட்சம், இரண்டு வைத்தால் 2.74 லட்சம். இரண்டரை ஸ்தானம் கொடுக்க வழியேது? மேலும், காபித் தோட்டங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் ஊர்களைச் சுற்றி வருவதும், நகரத்தில் நாலு தெருவைச் சுற்றி வருவதும் ஒரு உறுப்பினருக்கு ஒன்றாகுமா? ஆனால் காலம் வேறு கணக்குப் போட்டது. 2011-இல் சராசரி 2.73 லட்சமாக உயர, குடகு 2.77 லட்சத்தில் நின்று ஏறக்குறையச் சமமாயிற்று. 2001-இல் 2.33 லட்சமாக இருந்த பெங்களூர் நகர மாவட்டத்து ஸ்தானமோ 3.44 லட்சமாகப் பெருகிற்று. வேலை தேடி வந்து குடியேறியவர்களின் வாக்குக்கே எடை குறைந்தது என்று கொள்ளலாம்.

நீதிமன்ற விஷயத்தில் தலைக்கணக்கைவிடத் தூரமே பெரிது. குல்பர்காவாசி ஹைகோர்ட்டுக்காக ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட வேண்டியிருந்தது. 2008-இல் அங்கும் தார்வாடிலும் கிளைகள் திறக்கப்பட்டு, 2013-இல் நிரந்தரமாயின. 2004-இல் மதுரைக் கிளை திறந்தபோது தென்மாவட்டத்து நம் உறவினர் அடைந்த நிம்மதி நாம் அறிந்ததே.

அடுத்த ஜனத்தொகைக் கணக்குக்கு 2027 மார்ச் 1 ஆதார நாள் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. இக்கணக்கு சொந்த ஊரையோ தாய்மொழியையோ கொண்டு ஆளை ஒதுக்குவதில்லை. வசிக்கும் இடத்திலேயே எண்ணுகிறது. "எங்களுக்கு ஊர் தர்மபுரி, அங்கே எழுதிக்கொள்வார்கள்" என்று வந்தவரைத் திருப்பி அனுப்பும் குடும்பம், அங்கும் இங்கும் எண்ணப்படாமல் போகலாம்.