தவ்ர் மலையில் ஒரு சனிக்கிழமை

உம்ராவுக்குச் சென்று வந்த உறவினர் எவரேனும் உங்கள் வீட்டில் இருப்பாராயின், "தவ்ர் மலையைப் பார்த்தோம்" என்று அவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது பேருந்தின் சன்னல் வழியே பார்த்த பார்வைதான். வழிகாட்டி கையை நீட்டுவார், எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள், பேருந்து நகர்ந்துவிடும். முதல் உம்ராவில் நானும் அவ்வாறு பார்த்தவனே. 2018 டிசம்பரில் இரண்டாம் முறை சென்றபோதுதான் ஏறிப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது.

ஜித்தாவில் பணிபுரியும் நண்பர்கள் இருவர் எனக்காக மக்கா வந்தனர். சவூதியில் 2013 முதல் வெள்ளியும் சனியுமே வார விடுமுறை என்பதால், வெள்ளி இரவே காரில் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் ஐம்பத்தெட்டு வயதானவர். நாங்கள் காக்கா என்றே அழைப்போம். மற்றவர் என் பழைய மாணவர். சனிக்கிழமை ஹரமில் சுப்ஹு தொழுதுவிட்டு அடிவாரத்தை அடைந்தோம்.

ஏறுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இம்மலையில் ஏறுவது ஹஜ்ஜின் கடமையோ உம்ராவின் கடமையோ அன்று. ஏறாமல் திரும்பினால் எந்தக் குறைவும் இல்லை. அடிவாரத்தில் பல மொழிகளில் அறிவிப்புப் பலகையே வைத்திருந்தார்கள். வரலாறு நடந்த இடத்தைக் காணும் ஆவல் ஒன்றே எங்களை இழுத்தது.

தவ்ர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் உயரமுடையது. ஹிரா குகை அமைந்த நூர் மலையைவிட உயரம். மக்காவுக்குத் தெற்கே இருக்கிறது. மதீனாவோ வடக்கே! தேடி வருவோர் வடக்கு நோக்கியே விரைவார்கள் என்பதறிந்து, நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் எதிர்த்திசையில் வந்து இங்கே மூன்று இரவுகள் மறைந்திருந்தார்கள். வரைபடத்தில் இதைப் பார்ப்பது வேறு. அந்தப் பாறைகளின் கீழ் நின்று அண்ணாந்து பார்ப்பது வேறு.

காரில் ஓர் உணவுப் பை இருந்தது. குப்பூஸ் ரொட்டி, பேரீச்சம்பழம், ஃபிளாஸ்க் நிறையத் தேநீர். "இதையும் சுமந்துகொண்டு ஏறுவானேன்? இறங்கி வந்து சாப்பிடலாம்" என்று சொன்னவன் நான்தான். ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டியுடன் கிளம்பினோம்.

முதல் அரைமணி நேரம் பேச்சும் சிரிப்புமாகக் கழிந்தது. சில இடங்களில் கற்களைப் படிபோல் அடுக்கியிருந்தார்கள். சில இடங்களில் கைகளையும் ஊன்றித்தான் ஏற வேண்டியிருந்தது. சறுக்கும் சிறுகற்களில் என் செருப்பு இருமுறை ஏமாற்றியது. (போகிறவர்கள் தயவுசெய்து நல்ல காலணி அணிந்து செல்லுங்கள்.) வெயில் ஏறியதும் பேச்சு நின்றது, மூச்சின் ஓசை மட்டுமே கேட்டது. காக்கா பின்தங்கினார். "இன்னும் கொஞ்சம்தான் காக்கா" என்றேன். சற்று நேரத்தில் மீண்டும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை திரும்பியபோது அவர் ஒரு பாறையில் அமர்ந்திருந்தார்.

முகமெல்லாம் வியர்வை. விரல்கள் நடுங்கின. என்ன செய்கிறது என்று கேட்டதற்குத் தொடர்பில்லாமல் ஏதோ சொன்னார். அவருக்கு நீரிழிவு உண்டு. காலையில் மாத்திரையை விழுங்கியவர் ஒன்றும் உண்ணவில்லை. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்பது புரிந்தது. உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். இனிப்போ கீழே, காருக்குள்!

மாணவர் இறங்கி ஓடத் தயாரானார். அதற்குள் மேலிருந்து இந்தோனேசியப் பெண்கள் சிலர் இறங்கி வந்தார்கள். எங்கள் மொழி அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மொழி எங்களுக்குத் தெரியாது. காக்காவின் முகத்தைப் பார்த்த ஒரு மூதாட்டி, தோள்பையைத் திறந்து ஒரு கை நிறையப் பேரீச்சம்பழம் நீட்டினார். அவருக்கு எழுபதுக்குக் குறையாது. பையைச் சுமந்தே ஏறி இறங்கியிருக்கிறார். கால்மணி நேரத்தில் காக்காவின் பேச்சுத் தெளிந்தது. அல்ஹம்து லில்லாஹ்.

அந்தப் பாறையில் அமர்ந்திருந்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. இருபது ஆண்டுகளாக மதரஸாவில் ஹிஜ்ரத் பாடம் நடத்துகிறேன். அபூபக்கர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள், இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்து உணவுப் பையைக் கட்டியதால் 'இரு கச்சையுடையவர்' என்று பெயர் பெற்றார்கள் எனச் சொல்வேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண். அடுத்த பாடம்.

அவர்கள் மாலைதோறும் குகைக்கு உணவு கொண்டுவந்ததாக இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். மாலை என்றால், திரும்பும்போது இருட்டு. படிகள் ஏது? மேலும், பின்னர் தாம் மதீனாவுக்குப் புறப்பட்டபோது நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்ததாக அன்னாரே அறிவித்திருக்கிறார்கள். குபாவை அடைந்து அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களைப் பெற்றெடுத்தார்கள். அப்படியாயின், உணவுப் பையுடன் வயிற்றில் குழந்தையையும் சுமந்தே இங்கே வந்திருக்கிறார்கள். ஊரிலோ நபியவர்களைப் பிடித்துத் தருவோருக்கு நூறு ஒட்டகங்கள் என்று குறைஷிகள் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். சகோதரர் அப்துல்லாஹ் (ரலி) இரவில் செய்தி கொணர்ந்து, விடியுமுன் ஊர் திரும்பிவிடுவார். ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) ஆடுகளை ஓட்டிவந்து பாலும் தந்தார்; காலடித் தடங்களும் அழிந்தன. ஒரு குடும்பமே அந்த மூன்று நாட்களும் இம்மலைக்கு நடந்திருக்கிறது. நானோ ஒரு ஃபிளாஸ்க்கைப் பாரம் என்று விட்டுவந்தவன்.

"நீங்கள் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார் காக்கா. இருமுறை மேலே பார்த்தேன். ஆசை இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். மாணவரை மட்டும் அனுப்பிவிட்டு, காக்காவின் கையைப் பற்றிக்கொண்டு மெல்ல இறங்கினேன். ஏறியதைவிட இறங்குவது கடினம் என்பதை முழங்கால்கள் உணர்த்தின.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து மாணவர் வந்தார். குனிந்துதான் நுழைய முடிந்தது, உள்ளே நிமிர்ந்து நிற்க இடமில்லை என்றார். நான் இன்றுவரை அந்தக் குகையைப் பார்த்ததில்லை.

காரின் நிழலில் பையைத் திறந்தோம். தேநீர் இன்னும் சூடாகவே இருந்தது. குப்பூஸைப் பிய்த்துக்கொண்டே காக்கா சொன்னார்: "அடுத்த தடவை இந்தப் பையை நான் தூக்கி வருகிறேன், ஹஜ்ரத். நீங்கள் 'இன்னும் கொஞ்சம்தான்' என்று மட்டும் சொல்லாதீர்கள்."