இணையத்தளத்துக்குப் புதிய பகுதி சேர்க்குமுன்...

வியாபாரத்துக்கென்று ஓர் இணையத்தளம் வைத்திருக்கும் நம்மவர்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சைட் இருக்கிறது, ஓடுகிறது. ஆனால் எனக்கு வேண்டியபடி இல்லையே, என்ன செய்யலாம்?" மொத்த வியாபாரிக்கு ஒரு விலையும் சில்லறைக்கு ஒரு விலையும் காட்ட வேண்டும் என்பார் ஒருவர். களுத்துறைக்கு அனுப்பும் கூலியும் கல்முனைக்கு அனுப்பும் கூலியும் ஒன்றாகவே விழுகிறது, நட்டம் எனக்கு என்பார் இன்னொருவர். பொருளின் பெயரைத் தமிழில் போட்டால் போனில் பூச்சி பூச்சியாகத் தெரிகிறது என்பார் மூன்றாமவர்.

பதினைந்து வருடங்களுக்கு மேலாக வர்த்தகர்களுக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுப்பதும், பிறர் அமைத்தவற்றைத் திருத்திக் கொடுப்பதும் எனது தொழில். இரண்டாவது வேலைதான் அதிகம். அந்த அனுபவத்திலிருந்து சில விடயங்களை இவ்வாரம் எழுதுகிறேன். கணனி படித்தவர்களுக்கு இது பழைய சங்கதியாக இருக்கலாம். காசு கொடுத்து வேலை செய்விக்கும் முதலாளிமாருக்காகவே இதை எழுதுகிறேன்.

இன்று சிறு வியாபாரங்களின் தளங்களில் அநேகமானவை வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளின் மேல் கட்டப்பட்டவை. ஜூம்லா, ட்ரூபல் என்பனவும் இதே இனத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே எழுதாமல், பொருள், விலை, படம் ஆகியவற்றை ஒரு தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் கேட்கும்போது பக்கத்தை அந்நேரமே உருவாக்கிக் கொடுப்பதுதான் இவற்றின் வேலை. வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வெளிவந்தது. உலகின் இணையத்தளங்களில் பத்தில் நான்குக்கு மேற்பட்டவை அதில்தான் ஓடுகின்றன. அதற்குக் காசு இல்லை. கடை நடத்துவதற்காக அதன்மேல் சேர்க்கப்படும் வூகொமர்ஸ் 2011இல் வந்தது. அதுவும் இலவசந்தான்.

வேர்ட்பிரஸ் தளமொன்றை ஒரு வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். அத்திவாரமும் சுவரும் மூல மென்பொருள். முகப்பும் நிறப்பூச்சும் தீம். பின்னர் சேர்த்துக் கட்டும் அறைகள் ப்ளகின்கள். 2004இல் ப்ளகின் வசதியும் 2005இல் தீம் வசதியும் வந்தபின்னரே இந்த மென்பொருள் இவ்வளவு தூரம் பரவியது என்பது என் கணிப்பு. ஏனெனில், மூலத்தில் கை வைக்காமலே தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ள அதன்பிறகுதான் வழி பிறந்தது.

அந்த வழியை எங்களவர்கள் கொக்கி என்போம். மூல மென்பொருள் தன் வேலையைச் செய்துகொண்டு போகும்போது, குறிப்பிட்ட சில இடங்களில் நின்று "இந்த இடத்தில் யாருக்காவது ஏதும் செய்ய வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போகும். விலையைத் திரையில் காட்டுமுன் ஒரு தடவை கேட்கும். ஓடரை ஏற்றுக்கொண்டபின் இன்னொரு தடவை கேட்கும். நாம் எழுதும் சிறு நிரல் அந்த இடத்தில் கொழுவிக்கொண்டு, தன் வேலையை முடித்துத் திருப்பிக் கொடுக்கும். மூலத்தின் ஓர் எழுத்தும் மாறாது. நாளை மூலத்துக்குப் புதிய பதிப்பு வந்தாலும் நமது நிரல் தன் கோப்பில் அப்படியே இருக்கும்.

மேலே சொன்ன கூலிப் பிரச்சினையையே எடுத்துக்கொள்வோம். வூகொமர்ஸில் விநியோகக் கட்டணத்தைப் பிரதேசவாரியாகப் போடலாம். ஆனால் நான் வேலை செய்த தளத்தில் முகவரி நிரப்பும் படிவத்தில் இலங்கைக்கு மாவட்டப் பட்டியல் வரவில்லை. தபால் குறியீட்டை வைத்துப் பிரிக்கலாம் என்றால், தன் ஊரின் தபால் குறியீடு எத்தனை பேருக்கு மனப்பாடம்? ஆகவே, 25 மாவட்டங்களின் பெயர்களையும் ஒரு கொக்கி மூலம் சேர்த்தேன். நாற்பது வரிக்குள் வேலை முடிந்தது. அதன்பின் கொழும்புக்கு ஒரு கட்டணம், அம்பாறைக்கு ஒரு கட்டணம் என்று முதலாளியே உட்கார்ந்து போட்டுக்கொண்டார். இதற்கென்று காசு கொடுத்து எந்த ப்ளகினும் வாங்கவில்லை.

குறுக்குவழியில் போனால் என்ன நடக்கும் என்பதற்குப் புறக்கோட்டை கெய்சர் வீதியின் புடைவை வியாபாரி ஒருவரின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அவருடைய தளம் 2018இல் அமைக்கப்பட்டது. அமைத்துக் கொடுத்தவர் கெட்டிக்காரர். ரோல் கணக்கில் எடுக்கும் ஊர்க் கடைக்காரர்களுக்கு ஒரு விலை, மீற்றர் கணக்கில் எடுப்பவருக்கு ஒரு விலை என்று கேட்டதும் மூன்றே நாட்களில் செய்து கொடுத்துவிட்டார். ஆனால் அதை எங்கே எழுதினார் என்பதுதான் விவகாரம். கொக்கியில் கொழுவாமல், வூகொமர்ஸின் சொந்தக் கோப்புகளைத் திறந்து அதற்குள்ளேயே எழுதியிருந்தார். அப்படி எழுதிய கோப்புகளை அடுத்த அப்டேட் துடைத்துவிடும். அது அவருக்கும் தெரியும். அதனால் "அப்டேட் பொத்தானை மட்டும் அமத்திப் போடாதீங்க ஹாஜியார்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஹாஜியாரும் ஐந்து வருடங்கள் சொன்ன சொல் தவறாமல் இருந்தார். அமைத்தவர் இதற்கிடையில் மத்திய கிழக்குக்குப் போய்விட்டார்.

தளத்தை நாம் மாற்றாவிட்டாலும் அதைத் தாங்கும் சேர்வர் மாறும். வேர்ட்பிரஸ் ஓடுவது பி.எச்.பி. என்ற மொழியில். அதன் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது. ஹொஸ்டிங் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக 8க்கு மாறத் தொடங்கின. பழைய நிரல்களில் தாராளமாகப் பாவிக்கப்பட்ட சில கட்டளைகள் 8இல் அறவே இல்லை. ஹாஜியாரின் தளம் 2023 ஏப்ரலில், நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒருநாள் காலையில் வெள்ளைத் திரையாகிவிட்டது. பொருளும் இல்லை, விலையும் இல்லை, ஒரு பிழைச் செய்திகூட இல்லை. ஊர்க் கடைக்காரர்கள் தொலைபேசியில் ஓடர் சொல்லும் பழக்கத்தை எப்போதோ விட்டிருந்தார்கள். வருடத்தின் பாதி வியாபாரம் நடக்கும் நாட்கள் அவை.

இப்படியான நேரத்தில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் அப்டேட் செய்ய முனைவது ஆபத்து. நான் முதலில் செய்தது ஹொஸ்டிங் நிறுவனத்துடன் பேசி, இந்த ஒரு கணக்கை மட்டும் தற்காலிகமாக 7.4க்குத் திருப்பியதுதான். பிற்பகலில் கடை திறந்துவிட்டது. "தம்பி, இப்ப இது போதும், மிச்சத்தைப் பெருநாளைக்குப் பிறகு பார்ப்போம்" என்றார் ஹாஜியார். சரியான முடிவு. சீசனில் கடையின் சுவரை யாரும் இடிப்பதில்லையே.

பெருநாள் முடிந்ததும் தளத்தின் முழுப் பிரதியொன்றை வேறிடத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். முந்தியவர் எங்கெங்கே கை வைத்தார் என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. நல்லவேளையாக இம்மென்பொருள்களின் பழைய பதிப்புகளை எவரும் இறக்கிக்கொள்ளலாம். அவர் பாவித்த அதே பதிப்பை இறக்கி, கோப்புக்குக் கோப்பு ஒப்பிட்டுப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான கோப்புகளில் பதினொன்று மட்டும் வேறுபட்டிருந்தன. அவற்றில் மூன்று வெறும் நிற மாற்றம். தீமுக்குக் கீழே சைல்ட் தீம் என்று ஒன்றை வைத்து அதற்குள் போட்டுவிட்டேன். தாய்த் தீம் எத்தனை தடவை அப்டேட் ஆனாலும் சைல்ட் தீமுக்குள் இருப்பது அழியாது. இரண்டு கோப்புகளின் மாற்றங்கள் இப்போது தேவையே இல்லாதவை. மீதி ஆறிலும் இருந்தது விலைக் கணக்கு. அதைக் கடைக்கென்று ஒரு தனிச் சிறு ப்ளகினாகக் கொக்கிகளின் மூலம் திரும்ப எழுதினேன். இரண்டு வாரம் பிடித்தது. முதலில் தளம் அமைக்க அவர் கொடுத்த தொகையைவிட இதற்கான செலவு அதிகம். 2018இலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் கூடுதலாக ஒருநாள் வேலைதான்.

ஆகவே உங்கள் தளத்தில் யாராவது மாற்றம் செய்து தந்தால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "இதற்குப் பிறகு நான் அப்டேட் பண்ணலாமா?" என்பது. ஆம் என்றால் சரி. பண்ணக்கூடாது என்றால் காசு கொடுக்காதீர்கள்.

ஆயத்த ப்ளகின்களை வாங்குவது இன்னொரு வழி. பல வேளைகளில் அதுவே மலிவு. ஆனால் காசுக்கு விற்கப்படும் ப்ளகின்களில் அநேகமானவை வருடச் சந்தா முறையிலானவை, விலையும் டொலரில். 2022இன் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அதே ஆண்டு மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. வருடம் 60 டொலர் ப்ளகின் ஒன்று 12,000 ரூபாவிலிருந்து 21,600 ரூபாவுக்குப் போனது. ஐந்தாறு ப்ளகின் வைத்திருந்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சந்தாவைக் கட்டாவிட்டால் பெரும்பாலான ப்ளகின்கள் உடனே நின்றுவிடுவதில்லை, அப்டேட் மட்டும் வராது. அதனால் யாரும் கவனிப்பதில்லை. கவனிக்காமல் விடுவதன் விலை பின்னால் வரும்.

2014 டிசெம்பரில் நடந்ததைப் பாருங்கள். ஸ்லைடர் ரெவலூஷன் என்ற படக்காட்சி ப்ளகினில் இருந்த ஓட்டை வழியாகப் பல்லாயிரக்கணக்கான வேர்ட்பிரஸ் தளங்களுக்குள் தீய நிரல் புகுந்தது. 11,000க்கும் மேற்பட்ட டொமைன்களை கூகுள் தடைப்பட்டியலில் போட்டது. அந்த ஓட்டையை அடைத்த பதிப்பு மாதக்கணக்கில் முன்னரே வந்துவிட்டது. ஆனால் பலர் அந்த ப்ளகினைத் தனியாக வாங்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய தீமுக்குள் அது பொதியாக வந்திருந்தது. தங்கள் வீட்டில் அப்படியொரு ஜன்னல் இருப்பதே சொந்தக்காரருக்குத் தெரியாது! அதே 2014 ஒக்டோபர் 15இல் ட்ரூபலில் ஓர் ஓட்டை அறிவிக்கப்பட்டபோது, ஏழு மணித்தியாலத்துக்குள் அடைக்காத தளங்கள் யாவும் கைவிட்டுப் போனதாகவே கருதுங்கள் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவே பின்னர் சொன்னது.

விலைக்கு விற்கும் ப்ளகினின் பூட்டை உடைத்து இலவசமாகத் தரும் தளங்களும் உண்டு. "நமக்கென்ன, ஓடினால் சரி" என்று அதை எடுத்துப் போடுபவர்கள் நம்மிடையே குறைவில்லை. பூட்டை உடைத்தவர் அதைச் சும்மா தருகிறார் என்றால் அவருக்கு ஒரு வருமானம் வேறெங்கோ இருக்க வேண்டும். நான் திறந்து பார்த்த அத்தகைய ப்ளகின் ஒன்றில், வெளியிலிருந்து நிர்வாகியாக நுழைய ஒரு பின்கதவு எழுதப்பட்டிருந்தது. உங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் யாவும் அக்கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கவென்றே இந்நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இனி, தமிழ் எழுத்து. அச்சகங்களில் பழகிய பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்களை அப்படியே தளத்தில் ஏற்றினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். கூகுளில் தேடினாலும் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் தரவுத்தளத்தில் நேரடியாகத் தேடி மாற்றும் வேலையை அனுபவமற்றவரிடம் விடாதீர்கள். வேர்ட்பிரஸ் சில அமைப்புகளை எழுத்தின் நீளத்தையும் சேர்த்தே சேமித்து வைக்கிறது. எழுத்து மாறி நீளம் மாறினால் அந்த அமைப்பே வாசிக்க முடியாமல் போகும்.

ஜூம்லா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றாம் பதிப்புக்கான ஆதரவு 2023 ஓகஸ்டில் முடிந்துவிட்டது. ட்ரூபல் 7க்கு 2025 ஜனவரியில் முடிந்தது. இவற்றில் இருக்கும் தளத்துக்குப் புதிதாக எதையும் சேர்க்கச் செலவழிக்காதீர்கள். முதலில் புதிய பதிப்புக்கு மாறுங்கள்.

எல்லாவற்றையும் தளத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையும் நல்லதல்ல. மாவனல்லையில் ஹார்ட்வெயார் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் கணக்கு, ஸ்டொக், ஊழியர் சம்பளம் மூன்றையும் ப்ளகின் போட்டுத் தளத்திலேயே நடத்தக் கேட்டார். மறுத்துவிட்டேன். ஸ்டொக் கடையின் பில் போடும் கணனியிலேயே இருக்கட்டும். இரவில் அதிலிருந்து ஒரு பட்டியலை எடுத்துத் தளத்தில் ஏற்றினால் போதும், வூகொமர்ஸில் அதற்கு வசதி இருக்கிறது. பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் சம்பளப் புத்தகத்தை வைப்பதா?

அவர் எனக்குப் பிடித்த வேறொரு காரியம் செய்திருக்கிறார். டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்திருக்கிறார். நம்மவர்கள் பலருடைய டொமைன் தளம் அமைத்துக் கொடுத்தவரின் பெயரில்தான் இருக்கிறது. கடையை நீங்கள் கட்டிவிட்டுக் காணி உறுதியை மேசன்பாஸின் பெயரில் எழுதுவதைப் போன்றது இது. நண்பரிடம் ஒரு தாள் இருக்கிறது. டொமைன் எங்கே பதிந்தது, எப்போது புதுப்பிக்க வேண்டும், ஹொஸ்டிங் யாரிடம், என்னென்ன ப்ளகின், எதற்குச் சந்தா, சைல்ட் தீமில் என்ன இருக்கிறது, பெக்கப் எங்கே என்று ஒவ்வொன்றும் அதில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வேலை செய்தவரிடம் அந்தத் தாளில் திகதியிட்டு எழுதி வாங்குகிறார், அதற்குப் பின்தான் காசு. தாள் இரும்புப் பெட்டியில் காணி உறுதியோடு இருக்கிறது. பாஸ்வேர்டுகள் வேறிடத்தில்.