விடுதி விதிகளில் கையெழுத்திடும் முன்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எல்லைப்புறத்துத் தமிழ்க் குடும்பங்களில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். மூணாறு, தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைப் பகுதிகளிலிருந்து போடிமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கீழிறங்கித் தேனிக்கும் மதுரைக்கும் செல்லும் பிள்ளைகள் ஒரு சாரார். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலிருந்து வாளையாறு தாண்டிக் கோவைக்குச் செல்வோர் இன்னொரு சாரார். திருச்சூர், எறணாகுளம், திருவனந்தபுரம் என்று மாநிலத்தின் உள்ளேயே செல்வோரும் உண்டு. 2015ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பாலக்காடு இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம்பெற்று, சொந்த மாவட்டத்திலேயே விடுதியில் தங்குவோரும் சிலர் இருக்கின்றனர்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவானது ஒன்றுண்டு. சேர்க்கை நாளன்று, கட்டணச் சீட்டுகளுக்கு நடுவே, விடுதி விதிகள் அடங்கிய சில தாள்கள் நீட்டப்படும். அவை பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருக்கும். தமிழ்வழியில் பயின்ற மாணவரும், தோட்டத்திலோ வயலிலோ உழைத்துப் பழகிய பெற்றோரும், காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்க விரைவர். அத்தாள்கள் ஓர் ஒப்பந்தத்தின் தன்மை உடையவை. வங்கிக் கடன் பத்திரத்தைப் படிக்காமல் ஒப்பமிட வேண்டாம் என்று எத்தனையோ முறை வலியுறுத்தியிருக்கிறோம். இதற்கும் அதே கவனம் வேண்டும். கேரள அரசு அலுவலகங்களுடன் தமிழில் எழுத்துத் தொடர்பு கொள்ளும் வாய்ப்பை, 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் மொழிச் சிறுபான்மையினர் பகுதிகளில் வாழ்வோருக்கு அளித்துள்ளது. ஆயினும் தனியார் கல்லூரியின் விடுதித் தாள் தமிழில் வந்துவிடாது. ஆகவே கையெழுத்துக்கு முன் ஒரு படி கேட்டுப் பெற்று, பிள்ளையை வாய்விட்டு வாசிக்கச் செய்து பொருள் கேட்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

முதலில் பணத்தைப் பற்றிய விதிகளைக் காண்போம். மனக்கசப்புகள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன.

விடுதிக் கட்டணம் என்று ஒரே தொகையாகச் சொல்லப்படுவது உண்மையில் மூன்று கூறுகளைக் கொண்டது. அறை வாடகை பருவத்துக்கு ஒருமுறை செலுத்தத்தக்கது. காப்புத்தொகை வெளியேறும்போது திரும்பி வரத்தக்கது. மூன்றாவதாகிய உணவுக் கட்டணம் மாதந்தோறும் மாறக்கூடியது. உணவுக்கூடம் பல விடுதிகளில் பகிர்வு முறையில் நடைபெறுகிறது. ஒரு மாதத்தில் அரிசி, காய்கறி, எரிவாயு, சமையலர் ஊதியம் ஆகிய அனைத்துக்கும் ஆன செலவைக் கூட்டி, அம்மாதம் மாணவர்கள் அனைவரும் உணவு கொண்ட நாள்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு நாள் வீதம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 150 பேர் உள்ள விடுதியில் 30 நாளுக்கு 4,500 உணவு நாள்கள். விடுப்பில் சென்றோரின் 500 நாள்களைக் கழித்தால் 4,000. அம்மாதச் செலவு ரூ.3,60,000 எனில் நாளொன்றுக்கு ரூ.90. அம்மாதத்தில் 26 நாள் தங்கிய மாணவர் ரூ.2,340 செலுத்துவார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சமையலர் ஊதியம் போன்ற நிலையான செலவு, உண்போர் குறைந்தாலும் குறையாது. எனவே பலர் ஊருக்குச் சென்ற மாதத்தில் நாள் வீதம் உயரும். கட்டணம் கூடிவிட்டதே என்று பிள்ளை தொலைபேசியில் முறையிட்டால், மோசடி என்று எண்ணிவிடுவதற்கு முன் அம்மாதம் விடுமுறை வந்ததா என்று பார்த்துக்கொள்வது நன்று. சில விடுதிகள் நிலையான செலவைத் தனியே பிரித்து, ஊருக்குச் சென்றவரும் சமமாகச் செலுத்தும்படி வைத்துள்ளன. இரண்டு முறைகளில் எது நடப்பில் உள்ளது என்பதை விதித்தாள் சொல்லும்.

‘மெஸ் கட்’ என்று மாணவர்கள் வழங்கும் உணவுக் கழிவு தானாக வந்து சேர்வதன்று. முன்னறிவிப்பாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். குறைந்தது இத்தனை நாள் தொடர்ந்து இல்லாதிருக்க வேண்டும் என்ற வரையறையும் வழக்கமாக இருக்கும். நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தைப்பொங்கலுக்குக் கேரள அரசு இடுக்கி, பாலக்காடு உள்ளிட்ட ஆறு மாவட்டங்களுக்கு மட்டுமே உள்ளூர் விடுமுறை அளிக்கிறது. எறணாகுளத்திலோ திருச்சூரிலோ பயிலும் மூணாற்று மாணவிக்கு அன்று வகுப்பு நடைபெறும். அவள் வீட்டுக்கு வர விரும்பினால் வகுப்புக்கு ஒரு விடுப்பு மடல், விடுதிக்கு ஓர் அனுமதி மடல், உணவுக் கழிவுக்கு ஒரு விண்ணப்பம் என மூன்றையும் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். ஓணத்துக்கு விடுதியே காலியாகிவிடுவதால் இந்தத் தொல்லை எழுவதில்லை.

கல்விக்கடன் பெறுவோர் கவனிக்க வேண்டிய செய்திகளும் உள. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின்படி, கல்லூரிக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணமும் கடனில் அடங்கும். கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே தங்க நேர்ந்தாலும், நியாயமான தங்குமிட, உணவுச் செலவைக் கணக்கில் எடுத்துக்கொள்ள அத்திட்டம் இடமளிக்கிறது. காப்புத்தொகை போன்ற திரும்பப் பெறத்தக்க வைப்புகளும், கல்லூரியின் ரசீது இருப்பின், முழுப் படிப்புக்குமான கல்விக் கட்டணத்தில் 10 விழுக்காட்டுக்கு மிகாமல் சேர்க்கப்படலாம். ரூ.4 இலட்சம் வரை விளிம்புத்தொகை இல்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடு. மாதந்தோறும் மாறும் உணவுக் கட்டணத்துக்குக் கடன் விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று பலர் திகைக்கின்றனர். ஆண்டுச் செலவு மதிப்பீட்டை விடுதி அலுவலகத்திலேயே எழுத்து வடிவில் கேட்டுப் பெற்று இணைத்துவிட்டால் போதும். விதிமீறலுக்காக விதிக்கப்படும் அபராதத்தை எந்த மதிப்பீட்டிலும் சேர்க்க இயலாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவைக்கலாம்.

கல்லூரிக்கு வெளியே தனியார் விடுதியில் தங்குவோருக்கு 2024 ஜூலை முதல் ஒரு சலுகை நடைமுறையில் உள்ளது. ஒருவருக்கு மாதம் ரூ.20,000 வரையிலான தங்குமிடக் கட்டணத்துக்கு, தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்கினால், சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. நம் மாணவர்கள் தங்கும் அறைகளுள் பெரும்பாலானவை இவ்வரம்புக்குள் அடங்கிவிடும். ரசீதில் வரி சேர்க்கப்பட்டிருப்பின் காரணம் கேட்கலாம். கோவை, மதுரைப் பக்கம் மகளிர் விடுதி தேடுவோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்களை ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய விடுதிக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் தேவை. உரிமத்தைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டியதில்லை. அறையின் சுவர் வண்ணத்தைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு வருந்துவோரையே அதிகம் காண்கிறோம்.

இனி, பணம் சாராத விதிகள். இவற்றில் எது நியாயம், எது மிகை என்ற வழக்கு நம் நாட்டில் புதிதன்று. 1920களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது என்ற செய்தி தமிழக அரசியலையே உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றனர். அதே காலத்தில் பாலக்காட்டை அடுத்த அகத்தேத்தறையில், டி.ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் நிறுவிய சபரி ஆசிரமத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கிப் படித்தனர்; காந்தியடிகள் அங்கு வருகை தந்திருக்கிறார். உணவுக்கூடத்தில் யார் யாரோடு அமர்வது என்பதும் அன்று ஒரு விதியாக இருந்தது. அதை மாற்றுவதற்குத் துணிவும் தேவைப்பட்டது.

நம் காலத்து வழக்குகள் வேறு பொருளைப் பற்றியவை. கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் உள்ள ஸ்ரீ நாராயணகுரு கல்லூரியின் மகளிர் விடுதியில், 2019ஆம் ஆண்டு, மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசி பயன்படுத்தக் கூடாது என்ற விதி கொண்டுவரப்பட்டது. அதற்கு உடன்பட மறுத்த இளங்கலை மாணவி ஒருவர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் கேரள உயர்நீதிமன்றத்தை அணுகினார். அவ்வாண்டு செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார். இணையத்தை அணுகுதல் கல்வி பெறும் உரிமையின் பகுதி. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் அந்தரங்க உரிமையின் பகுதியும் ஆகும். பதினெட்டு வயது நிறைந்த மாணவி எவ்வழியில் படிப்பது என்பதை, பிறருக்கு இடையூறு இல்லாத வரையில், அவரே தேர்ந்துகொள்ளலாம் என்று நீதிமன்றம் கூறி, அவரை மீண்டும் விடுதியில் சேர்க்க ஆணையிட்டது.

இத்தீர்ப்பை ‘விதிகளே கூடாது’ என்று படித்துவிடும் இளையோர் உண்டு. அது தவறு. அறைத்தோழி உறங்கும் நேரத்தில் உரக்கப் பேசுவதற்கு அத்தீர்ப்பு இடம் தரவில்லை. பிறருக்குத் தொல்லையாகும்படி எதுவும் செய்யலாகாது என்பதையும் அது சேர்த்தே சொன்னது. ஒழுங்கைக் காக்கும் விதி நிற்கும். கல்வியின் வாயிலை அடைக்கும் விதி, பெற்றோர் சம்மதித்திருந்தாலும் நிற்காது. வீட்டிலிருந்து நூறு கல் தொலைவில், குறிப்பேடும் பாடமும் தேர்வு அறிவிப்பும் கைப்பேசியில் வந்து சேரும் காலத்தில், இந்த வேறுபாடு சிறியதன்று.

இரண்டாவது வழக்கு வாயிற்கதவைப் பற்றியது. 2022ஆம் ஆண்டு இறுதியில், இரவு 9.30 மணிக்குப் பின் வெளியே செல்வதற்கு இருந்த தடையை எதிர்த்துக் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் உயர்நீதிமன்றம் சென்றனர். மாணவர் விடுதியில் இல்லாத கண்டிப்பு மாணவியர் விடுதியில் மட்டும் ஏன் என்பதே அவர்களின் கேள்வி. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே டிசம்பர் 6 அன்று அரசு புதிய ஆணை பிறப்பித்தது. கதவடைக்கும் நேரம் 9.30 என்பது இருபாலருக்கும் ஒன்றாயிற்று. இரண்டாம் ஆண்டு முதல், அந்நேரத்துக்குப் பின்னரும் பதிவேட்டில் குறித்துவிட்டு உள்ளே வரலாம் என்றாயிற்று. பெண்ணைப் பெற்றோர்க்கு இச்செய்தி மகிழ்ச்சியையும் அச்சத்தையும் ஒருங்கே தரும். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் நூலகத்திலிருந்தோ மருத்துவமனைப் பணியிலிருந்தோ தாமதமாகத் திரும்பும் பெண்ணுக்கு, அடைத்த கதவின் முன் நிற்பதைவிடத் திறக்கும் கதவே பாதுகாப்பு.

விதிகளுள் எவ்வகையிலும் தளர்த்தக் கூடாதது பகடிவதைத் தடை. 1996ஆம் ஆண்டு சிதம்பரத்தில், பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், தமிழ்நாடு 1997இல் பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றியது. கேரளம் 1998இல் இயற்றியது. எல்லையின் எப்பக்கம் படித்தாலும் தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறையும் ரூ.10,000 வரை அபராதமும் ஆகும். கேரளச் சட்டப்படி, எழுத்து மூலம் புகார் வந்த ஏழு நாளுக்குள் கல்லூரித் தலைமை விசாரிக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் குற்றம் சாட்டப்பட்டவரை இடைநீக்கம் செய்து, புகாரைக் காவல்துறைக்கு உடனே அனுப்ப வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகள், புதியவர்களை இயன்றவரை தனிக் கட்டடத்தில் தங்கவைக்கச் சொல்கின்றன. மாணவரும் பெற்றோரும் தனித்தனியே உறுதிமொழி அளிக்க வேண்டும் என்பதும் அந்நெறிமுறையே. கட்டணமில்லா உதவி எண் 1800-180-5522. இதை அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவைக்கலாம். கைப்பேசி எந்நேரமும் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இறுதியாக, விடுதியை விட்டு வெளியேறும் நாள். சேர்ந்த சில நாளிலேயே வேறு கல்லூரியில் இடம் கிடைத்து விலகுவோர் பலர். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் கட்டணம் முழுவதும் திரும்பும்; அதில் 5 விழுக்காடு, அதிகபட்சம் ரூ.5,000 மட்டும் பிடித்துக்கொள்ளலாம். இறுதி நாளுக்குப் பின் 30 நாள் கடந்தால் எதுவும் திரும்பாது. காப்புத்தொகை இக்கழிவுகளில் அடங்காது. அது முழுமையாகத் திரும்பத்தக்கது. படிப்பு முடித்து வெளியேறுவோர், அறைச் சாவி, கட்டில், மின்விசிறி ஆகியவற்றைச் சேரும்போதே படம் எடுத்து வைத்திருந்தால், இல்லாத சேதத்துக்குக் கழிவு கேட்கப்படும்போது காட்டலாம். நிலுவையின்மைச் சான்றில் காப்பாளரின் ஒப்பம் பெற்ற அன்றே, காப்புத்தொகையைப் பெறுவதற்கான விண்ணப்பத்தையும் கொடுத்துவிட வேண்டும். அதில் குறிக்கும் வங்கிக் கணக்கு உயிரோட்டமுள்ளதாக இருக்கட்டும். இரண்டாண்டுக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். முதலாண்டில் உதவித்தொகைக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கின் எண்ணையே பலர் எழுதிக்கொடுத்துவிடுகின்றனர். பணம் வந்து சேரவில்லை என்று பின்னர்க் கிளைக்கு வருகின்றனர்.