கண் மங்கினால் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

மல்டிபல் ஸ்கிளெரோசிஸ் நோயில், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, முதுகுத் தண்டு, பார்வை நரம்பு ஆகியவற்றில் நரம்பு இழைகளை மூடியிருக்கும் உறையைத் தாக்குகிறது. மூளை அல்லது முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டால் கால்கள் விறைத்து இறுகலாம். பார்வை நரம்பு அழற்சியுற்றால் கண் மங்கும். இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு.

தசை இறுக்கத்திற்கு: பாக்லோஃபென்

இம்மாத்திரை இறுக்கத்தைத் தளர்த்தும், நோயைக் குணப்படுத்தாது.

• திடீரென நிறுத்தாதீர்கள். வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். தீபாவளி போன்ற நீண்ட விடுமுறைக்கு முன் போதிய மாத்திரை வாங்கி வையுங்கள்.
• தூக்கக் கலக்கமும் தலைச்சுற்றலும் வரலாம். இரவில் எழும்போது கட்டிலில் சற்று உட்கார்ந்த பின் நில்லுங்கள். மதுவைத் தவிருங்கள்.
• சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

பார்வை நரம்பு அழற்சியின் அறிகுறிகள்

• பெரும்பாலும் ஒரு கண்ணில், சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ பார்வை மங்கும்.
• கண்ணை அசைத்தால் வலிக்கும்.
• சிவப்பு நிறம் வெளிறித் தெரியும். குங்குமத்தையோ மிளகாயையோ ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பாருங்கள். நிறம் ஒன்றாகத் தெரிந்தாலும், பார்வை மங்கியிருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பாக்லோஃபெனும் சிலருக்குப் பார்வையை மங்கச் செய்யலாம். அதனால் “மாத்திரையின் வேலைதான்” என்று நீங்களே முடிவு செய்து நிறுத்தினால் ஆபத்து இரண்டு: கண் சிகிச்சை தாமதமாகும், வலிப்பும் வரலாம்.

சிகிச்சை

வழக்கமாக 3 முதல் 5 நாட்களுக்கு மெத்தில்பிரெட்னிசொலோன் எனும் ஸ்டீராய்டு மருந்து இரத்த நாளம் வழியாக ஏற்றப்படும். இது பார்வை விரைவில் திரும்ப உதவும். இரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். இனிப்பு நீர் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வெயிலிலோ காய்ச்சலிலோ பழைய மங்கல் சற்று நேரம் திரும்பலாம். உடல் குளிர்ந்த பின்னும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

காத்திருக்காதீர்கள்

இந்த அழற்சி பெரும்பாலும் 20 முதல் 40 வயதினருக்கே வருகிறது. 50 வயதைக் கடந்தவருக்குத் திடீரெனப் பார்வை குறைந்தால் இரத்த ஓட்டத் தடை போன்ற வேறு காரணமும் இருக்கலாம். அன்றே கோலாலம்பூர் மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். உங்கள் மாத்திரைகள் அனைத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள். வலிப்பு, முகக் கோணல், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே 999-ஐ அழையுங்கள்.