சாவி தொலைந்த தேர்தல்

2025 நவம்பரில் ஐ.ஏ.சி.ஆர். என்ற சர்வதேச ஆய்வுச் சங்கம் தன் நிர்வாகிகளுக்கான தேர்தலை நடத்தி முடித்தது. உறுப்பினர்கள் இணையம் வழியாக ஒரு மாதம் ஓட்டுப் போட்டார்கள். யாரும் கள்ள ஓட்டுப் போடவில்லை, எந்திரமும் பழுதாகவில்லை. ஓட்டெல்லாம் பத்திரமாக இருந்தது. ஆனால் முடிவைத்தான் சொல்ல முடியவில்லை. மூன்று பேரிடம் இருந்த மூன்று டிஜிட்டல் சாவிகளில் ஒன்று தொலைந்துபோயிருந்தது. நவம்பர் 21 அன்று மறுதேர்தல் அறிவித்தார்கள்.

இதில் வேடிக்கை, அது சங்கேதவியல் ஆய்வாளர்களின் சங்கம். நம் வங்கிச் செயலியும் வாட்ஸ்அப்பும் எந்தக் கணக்கை நம்பி ஓடுகின்றனவோ, அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள். செய்தி படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் மரியாதையும் வந்தது. ஏன் என்று சொல்ல, அவர்கள் பயன்படுத்திய மென்பொருளுக்குள் நுழைய வேண்டும்.

அதன் பெயர் ஹீலியோஸ். பென் அடிடா என்ற ஆய்வாளர் 2008-ல் வெளியிட்டது. திறந்த மூல மென்பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் நிரலை எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், தம் சர்வரில் ஓட்டிக்கொள்ளலாம். 2009-ல் பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், சுமார் 25,000 பேருக்கு வாக்குரிமை இருந்த தலைவர் தேர்தலை இதில் நடத்தியது. ஐ.ஏ.சி.ஆர். 2010 முதல் இதைத்தான் பயன்படுத்துகிறது.

சங்கத் தேர்தல் என்றால் பெட்டியைத் திறப்போம், சீட்டைப் பிரிப்போம், எண்ணுவோம். கம்ப்யூட்டரில் அப்படிப் பிரித்தால் யார் யாருக்குப் போட்டார் என்று சர்வரை நடத்துகிறவருக்குத் தெரிந்துவிடும். ஹீலியோஸ் சீட்டைப் பிரிப்பதே இல்லை. மூடியது மூடியபடி இருக்க, கூட்டிவிடுகிறது.

பள்ளிக்கூடத்தில் படித்த அடுக்கு விதிதான். 2³-ஐ 2⁴-ஆல் பெருக்கினால் 2⁷. கீழே பெருக்கினோம், மேலே எண்கள் தாமாகக் கூடிக்கொண்டன. ஒரு வேட்பாளருக்கு ‘ஆம்’ என்றால் 1, ‘இல்லை’ என்றால் 0. அந்த எண்ணை அடுக்கில் ஏற்றி, வாக்காளரின் கம்ப்யூட்டர் தானே கண்டபடி தேர்ந்தெடுத்த ஒரு மறைப்பைப் பெருக்கி அனுப்புகிறது. ஆயிரம் பேர் ‘ஆம்’ என்றாலும் ஆயிரமும் வெவ்வேறு எண்ணாகத் தெரியும். ஒவ்வொன்றும் பல நூறு இலக்கம். வந்த சீட்டுகளையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கினால், அடுக்கில் ஓட்டுகள் கூடிவிடும், மறைப்புகளும் ஒன்றாகத் திரண்டுவிடும். சாவிக்காரர்கள் அந்த ஒரே ஒரு மொத்தத்தின் மறைப்பை மட்டும் நீக்கினால் போதும். ‘இவருக்கு 212 ஓட்டு’ என்று வந்து நிற்கும். (குறும்புக்காரர் ஒருவர் 1-க்குப் பதில் 100 என்று மூடி அனுப்பினால்? உள்ளே இருப்பது 0 அல்லது 1 என்பதை, எது என்று காட்டாமலே நிரூபித்து அனுப்ப வேண்டும். அந்த மாயத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.)

சரி, என் கம்ப்யூட்டரே எனக்குத் துரோகம் செய்தால்? நான் ஒருவரைச் சொல்ல, அது வேறொருவரை உள்ளே வைத்து மூடினால்? ஹீலியோஸில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சீட்டை மூடியதும் அதற்குரிய ஓர் அடையாளக் குறியீட்டைத் திரையில் காட்டிவிடும். அதன்பிறகு நீங்கள் ‘பெட்டியில் போடு’ என்றும் சொல்லலாம், ‘பிரித்துக் காட்டு’ என்றும் சொல்லலாம். பிரித்துக் காட்டிய சீட்டு செல்லாது. புதிதாக ஒன்று மூட வேண்டும். இரண்டில் எதைக் கேட்கப்போகிறீர்கள் என்பது மூடுகிற நேரத்தில் எந்திரத்துக்குத் தெரியாது. மண்டியில் நெல் மூட்டைக்குக் குத்தூசி போடுவது மாதிரி. எந்த மூட்டையில் ஊசி இறங்கும் என்று தெரியாதவரை கலப்படக்காரருக்குப் பயம் இருக்கும். ஜோஷ் பெனாலோ என்ற ஆய்வாளரின் யோசனை இது.

இனி சாவிக்கு வருவோம். ஐ.ஏ.சி.ஆர். தேர்தலில் மூன்று பொறுப்பாளர்களிடம் ஆளுக்கொரு சாவி. மூன்றும் சேர்ந்தால்தான் மறைப்பு நீங்கும். இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு ஒருவருடைய ஓட்டை எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. ஒருவர் தொலைத்ததும் மற்ற இருவரின் சாவியும் செல்லாக்காசு ஆகிவிட்டது.

சாதாரண சர்வரில் நடந்த தேர்தலாக இருந்தால், அட்மின் பத்து நிமிடத்தில் முடிவை எடுத்துக் கொடுத்திருப்பார். எடுத்துக் கொடுக்க முடிந்தவரால் முந்தின நாளே எடுத்துப் பார்த்திருக்கவும் முடியும். ஹீலியோஸில் அப்படி ஓர் ஆள் கிடையாது. அதனால் ஆபத்துக்கு உதவவும் ஆள் இல்லை. என் மரியாதை இதற்குத்தான்.

மருந்து இல்லாமல் இல்லை. அடி ஷமீர் என்ற சங்கேதவியல் ஆய்வாளர் 1979-லேயே சொல்லிவிட்டார். வரைபடத்தாளில் ஒரு சாய்கோடு போடுங்கள். அது செங்குத்து அச்சை வெட்டும் இடம்தான் ரகசியம். கோட்டின்மேல் மூன்று புள்ளிகளைக் குறித்து, மூவருக்கு ஆளுக்கொன்று கொடுங்கள். எந்த இருவர் சேர்ந்தாலும் இரு புள்ளிகளை இணைத்துக் கோட்டை நீட்டி ரகசியத்தைப் பிடித்துவிடலாம். ஒருவரிடம் ஒரே புள்ளி; அதன் வழியே எத்தனை கோடு வேண்டுமானாலும் போகும், ஒன்றும் தெரியாது. ஹீலியோஸின் வழியில் பிரான்சில் உருவான பெலேனியோஸ் என்ற மென்பொருளில் இப்படிப்பட்ட வசதி உண்டு. ஐ.ஏ.சி.ஆரும் இனி மூன்றில் இரண்டு சாவி போதும் என்று மாற்றிக்கொண்டது. ஆனால் இருவர் கூட்டுச் சேர்ந்தால் எட்டிப் பார்க்கலாம் என்ற பழைய பயத்துக்குக் கதவு இப்போது திறந்துதான் இருக்கிறது. தொலைப்பவருக்குப் பயப்படுவதா, திருடுபவருக்குப் பயப்படுவதா? அதைச் சங்கம்தான் முடிவு செய்ய வேண்டும். நிரலைத் திறந்து வைத்ததால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது.

நிரல் திறந்திருப்பதில் வேறு லாபம் உண்டு. கான்பெராவை உள்ளடக்கிய ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதி 2001 தேர்தலில் பயன்படுத்திய வாக்குப்பதிவு மென்பொருளின் நிரலை வெளியிட்டது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தார் படித்துப் பார்த்து அதில் ஒரு பிழையைக் காட்டிக்கொடுத்தார்கள்.

எல்லாரும் நிரல் படிக்கிறவர்களா என்ன? ஜெர்மனியில் மாநாடுகளையும் பொதுக்குழுக்களையும் ஓபன்ஸ்லைட்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளை வைத்து நடத்துகிறார்கள். அடுத்துப் பேசுபவர் யார், தீர்மானத்தின் எந்த வரிக்கு என்ன திருத்தம் என்பதெல்லாம் திரையில் வரும். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் யாரும் அதைக் கண்ணால் சரிபார்த்துவிடலாம். அதே நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம், 2005 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு எந்திரங்களைப் பயன்படுத்திய விதம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2009 மார்ச் 3 அன்று தீர்ப்பளித்தது. தேர்தலின் முக்கியப் படிகளைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது நீதிமன்றம். ஹீலியோஸின் அடுக்குக் கணக்கு எவ்வளவு அழகானது என்றாலும், இந்தத் தேர்வில் தேறுவது கடினம். அங்கே நாடாளுமன்றத் தேர்தலுக்கு இன்றும் காகிதச் சீட்டில்தான் குறி போடுகிறார்கள். மாலையில் சீட்டுகளை மேசையில் கொட்டிக் கையால் எண்ணும்போது, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து நின்று பார்க்கலாம்.