மொட்டை மாடியில் ஏழு பேர்

அப்பளம் இட்டுப் பழகிய வாசகிகளுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மாவை இடித்துப் பதப்படுத்துவது ஒரு பாடு. வட்டம் குலையாமல் இடுவது இன்னொரு பாடு. மாடியில் உலர்த்திவிட்டுக் காக்கைக்குக் காவல் இருப்பது பெரும் பாடு. இத்தனைக்கும் வீட்டில் கிடைக்கிற கூலி, "இன்னும் இரண்டு பொரித்துப் போடு" என்கிற உத்தரவுதான்!

இந்த வேலைக்கு ரொக்கமாகக் கூலி வாங்கிக் காட்டிய ஏழு பெண்மணிகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பம்பாயில் கிர்காம் பகுதியில் குடியிருந்த குஜராத்திக் குடும்பப் பெண்கள் அவர்கள். உத்தியோகத்துக்குப் போகும்படியான படிப்பு இல்லை. தெரிந்த வித்தை சமையல் ஒன்றுதான். சகன்லால் கரம்ஸி பாரேக் என்ற சமூக ஊழியரிடம் 80 ரூபாய் வாங்கிக்கொண்டு, 1959-ஆம் வருஷம் மார்ச் 15-ஆம் தேதி மொட்டை மாடியில் கூடி உட்கார்ந்தார்கள். அன்று தயாரானவை நாலே நாலு பொட்டலம். பூலேஷ்வரில் தெரிந்த வியாபாரி ஒருவர் விற்றுக் கொடுத்தார்.

அந்த 80 ரூபாய் கடன், நன்கொடை அல்ல. நஷ்டமே வந்தாலும் உதவி கேட்டு யார் வாசலிலும் போய் நிற்பதில்லை என்று அந்த ஏழு பேரும் ஆரம்பத்திலேயே தீர்மானம் செய்துகொண்டார்கள். ரோஷக்காரிகள்!

முதலில் உயர்ந்த ரகம் ஒன்று, மலிவு ரகம் ஒன்று என்று இரண்டு விதமாக இட்டார்கள். நாமாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம். பாரேக் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஒரே தரம், அதுவும் நல்ல தரம். அதோடு காலணா பிசகாத கணக்கு. இரண்டையும் விட்டுவிடக் கூடாது என்றார். ஏழைப் பெண்கள் செய்தது என்று இரக்கப்பட்டு ஒரு தடவை வாங்குவார்கள். மறு தடவை வாங்க வைப்பது ருசிதானே?

அப்புறம் மழைக்காலம் வந்தது. பம்பாய் மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வருஷம் நாலு மாதம் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று; நாலு மாதமும் கையில் காசில்லை. அடுத்த வருஷம் அவர்கள் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கட்டிலின் அடியில் ஸ்டவ்! மழை பாட்டுக்குப் பெய்தது, அப்பளம் பாட்டுக்குக் காய்ந்தது. பெரிய இஞ்சினீயர்களுக்குக்கூட இந்த யோசனை தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே.

உடைந்துபோன அப்பளங்களை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தார்கள். வேலையிலும் அண்டை அயலாரைச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் ஏழு பேர் சுமார் 25 பேரானார்கள். 1962-இல் 'லிஜ்ஜத்' என்று பெயர் வைத்தார்கள். குஜராத்தியில் ருசி என்று அர்த்தம்.

ஏற்பாடு மிகவும் எளியது. காலையில் கிளைக்குப் போய், பிசைந்த மாவை எடை போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது. வீட்டில், குழந்தை தூங்குகிற நேரத்திலோ சமையல் முடிந்த பிறகோ இட்டு, உலர்த்தி, மறுநாள் திருப்பிக் கொடுத்தால் எடைக்குத் தக்க கூலி. வீடு சுத்தமாக இருக்கிறதா, இட இடம் இருக்கிறதா என்று முன்னதாகவே வந்து பார்த்துவிடுவார்கள். சேருகிற ஒவ்வொருத்தியும் சொந்தக்காரி. லாபமும் நஷ்டமும் எல்லாருக்கும் உண்டு. ஆண்கள் வண்டி ஓட்டலாம், கணக்கு எழுதலாம். பங்கு மட்டும் கிடையாது! (இதைப் படித்ததும் எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு முகம் வாடிப் போயிற்று.)

எல்லாம் சுகம் என்று நான் சொல்ல மாட்டேன். குனிந்து உட்கார்ந்து இடுகிறவளுக்கு மணிக்கட்டும் முதுகும் வலிக்காமல் இருக்குமா? எடைக்குத்தான் கூலி என்றால், ஜுரத்தில் படுத்த நாளின் கூலி? போன இடமெல்லாம் ஜயமும் இல்லை. 1961-இல் மலாடில் கிளை தொடங்கிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1968-இல் குஜராத்தில் வாலோட் என்ற ஊரில் தொடங்கியது வேரூன்றிவிட்டது. அதன் பிறகு பல ராஜ்யங்களில் பரவி, உறுப்பினர் தொகை நாற்பதாயிரத்தைத் தாண்டியது.

மாடியில் உட்கார்ந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு, வயது தொண்ணூறை ஒட்டிய காலத்தில், 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். எந்தப் பிரிவில் என்கிறீர்கள்? சமூக சேவையில் அல்ல. வர்த்தகம், தொழில் என்ற பிரிவில்.